ஆறு வருசமா கேணித் தண்ணிய டெஸ்ட் பண்ணிட்டு வரேன், என் அனுபவம்

கஜா புயல் அடிச்சது 2018 நவம்பர் 16 விடியக்காலை. எங்க ஊரு வேதாரண்யம் பக்கம், புயல் கரையேறுனதே இங்கதான். அதுக்கப்புறம் வாரக்கணக்கா கரண்டு இல்ல, குழாய்ல தண்ணி வரல, தெருவே எங்க கொல்லக் கேணியிலதான் வந்து மொண்டுச்சு. பதினஞ்சு அடிதான் ஆழம், எளநி மாதிரி இருக்கும் தண்ணி. கடலுக்கு இவ்ளோ கிட்ட இப்படி ஒரு தண்ணி எப்படின்னா, மழத்தண்ணி மணல்ல எறங்கி அடியில இருக்குற உப்புத்தண்ணி மேல ஒரு அடுக்கா நிக்குது, மேலாக்கத் தோண்டுனா இனிப்பு, ஆழமா போர் போட்டா உப்பு. அந்த நாள்ல தெருவுல நாலஞ்சு புள்ளைங்களுக்கு வயித்தால போச்சு, எம் பொண்ணுக்கும். சாப்பாடு, குளிர்ச்சின்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, எனக்கு அந்தக் கேணி மேலதான் சந்தேகம்.

மொதல்ல வாங்குனது பேனா மாதிரி இருக்குற டிடிஎஸ் மீட்டர், சில நூறு ரூபாதான். கேணியில லிட்டருக்கு 460 மில்லிகிராம் காட்டுச்சு, போர்ல 1900. குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500-ல 500 வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லன்னா 2000 வரை. அப்ப கேணி பாஸுன்னு நிம்மதியா இருந்துட்டேன். மீட்டர் வாங்கி வச்சிருக்கறவங்க இத நல்லாக் கவனிங்க, அது தண்ணியில கரண்டு எவ்ளோ பாயுதுன்னு பாத்து கரைஞ்ச உப்ப மொத்தமா ஒரு நம்பரா சொல்லும், அவ்ளோதான். அந்த 460-க்குள்ள என்னென்ன இருக்குன்னு சொல்லாது, கிருமிய சுத்தமா காட்டாது.

அடுத்த வருசம் குடிநீர் வடிகால் வாரியத்தோட லேபுக்கு சாம்பிள் கொண்டு போனேன். ரெண்டு லிட்டர் கேன அதே தண்ணியால மூணு தடவ அலசிட்டுப் புடிக்கணும், மோட்டார்னா அஞ்சு நிமிசம் ஓடவிட்டுப் புடிக்கணும். கிருமி டெஸ்டுக்கு அவங்க குடுக்கற சுத்தம் பண்ணுன பாட்டில்தான், மூடிய கீழ வைக்காம, உள்ள வெரல் படாம புடிச்சு, ஐஸ் வச்சு அன்னைக்கே சேத்துடணும். ரிசல்ட் வந்தப்ப உப்பு, கடினத்தன்மை எல்லாம் சரி, நைட்ரேட் மட்டும் லிட்டருக்கு 78 மில்லிகிராம். இருக்கலாம்னு சொல்றது 45, அதுக்கு மேல தளர்வே கெடையாது. கைக்குழந்தைங்களுக்கு இது ரத்தத்துல ஆக்சிஜன் ஏறவிடாது, ஒடம்பு நீலம் பாயும். கொதிக்க வச்சாலும் போகாது, தண்ணி ஆவியாகி நைட்ரேட் இன்னும் கெட்டியாத்தான் ஆகும். எங்க வீட்டுக்கு வர்ற சொந்தக்காரப் புள்ளைங்களுக்கெல்லாம் அந்தத் தண்ணியிலதான் பால் கலந்து குடுத்திருக்கோம், அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல.

காரணம் கண்ணு முன்னாடியே இருந்துச்சு. கேணியிலேர்ந்து இருபது அடியில எருக்குழி, அந்தாண்ட முல்லைக் கொல்ல, யூரியா போட்டுப் போட்டுத் தண்ணி எறைக்கிறோம், மணல் எதையும் புடிச்சு வைக்காது, எல்லாம் நைட்ரேட்டா மாறி நேரா கீழ எறங்கிடுது.

அம்மா ஒத்துக்கல. "ஒங்க தாத்தா காலத்துலேர்ந்து குடிக்கிற தண்ணிடா, யாருக்கு என்னாச்சு?"ன்னு ஒரே சண்ட. ஐப்பசி மழ புடிச்ச ஒரு வாரத்துல எச்2எஸ் பாட்டில் ஒண்ணு கெடச்சுச்சு, சின்னக் குப்பி, அடியில மருந்து இருக்கும், கோடு வரைக்கும் தண்ணிய ஊத்தி மூடி ஒரு நா ரெண்டு நா வீட்டுக்குள்ள வச்சா போதும். சாயங்காலம் ஊத்தி அடுப்பங்கரை மாடத்துல வச்சேன். மறுநா காலைல லேசா பழுப்பு, மதியத்துக்கெல்லாம் மையக் கரச்ச மாதிரி கருப்பு. மலக் கிருமி இருக்கலாம்னு அர்த்தம். அம்மா அத எடுத்து வெளிச்சத்துல புடிச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல. அன்னைலேர்ந்து கேணித் தண்ணி பாத்திரம் கழுவ, துணி தொவைக்கத்தான்.

குடிக்க குழாய்த் தண்ணின்னு ஆச்சு, கொள்ளிடத்துலேர்ந்து வர்றது. அதையும் சும்மா நம்பல. ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பொம்பளைங்களுக்கு டெஸ்ட் கிட் பயிற்சி குடுத்தாங்க, எங்க சின்னம்மா அதுல ஒருத்தர். குளோரினுக்கு கிட்ல இருக்குற மருந்தச் சொட்டு விட்டா மஞ்சளாகணும், குழாய் முனையில கொறஞ்சது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் நிக்கணும். டேங்குக்குக் கிட்ட நல்ல மஞ்சள், எங்க கடைசித் தெருவுல நெறமே மாறாம வெறும் தண்ணியாவே இருந்துச்சு. தேடிப் பாத்தா சாக்கடைக்குள்ள போற பைப்புல ஒரு ஜாயிண்ட் கசிவு, தண்ணி விடறத நிறுத்துனதும் அழுத்தம் கொறஞ்சு சாக்கடத் தண்ணிய உள்ள இழுக்குது. வாயால சொன்னப்ப மூணு மாசம் யாரும் வரல, சின்னம்மா ரெண்டு டியூபையும் பக்கத்துல பக்கத்துல கொண்டு போய்க் காட்டுனாங்க, அந்த வாரமே மாத்துனாங்க. கிட் டெஸ்ட்டுல கலர ஒப்பிட்டுப் பாக்கறதுதான், துல்லியமான நம்பருக்கு லேபுதான் போகணும், ஆனா தெருவுல நின்னு உடனே பாக்க இத விட வேற இல்ல.

எருக்குழிய கொல்லக் கோடிக்கு மாத்துனோம், கேணியச் சுத்தி ஒறைய ஒசத்தி சிமெண்டு போட்டோம், யூரியாவ பாதியாக் கொறச்சு பிரிச்சுப் பிரிச்சுப் போடறோம். வருசத்துக்கு ரெண்டு தடவ பாக்கறேன், மழ புடிச்ச ஒடனே கிருமிக்கு, மாசியில நைட்ரேட்டுக்கு. 78, 74, 66, 61, போன மாசியில 53. மண்ணுக்குள்ள போனது அவ்ளோ சீக்கிரம் வெளிய வராது போல. தெருவுல ரெண்டு பேரு அவங்க கேணித் தண்ணியயும் எங்கிட்ட குடுத்தனுப்புறாங்க, ஒரு வீட்டுல மருமக முழுகாம இருக்கு, அந்தக் கேன மட்டும் இந்தத் தடவ மாசி வரைக்கும் வைக்காம வர்ற திங்கக்கெழமையே கொண்டு போறேன்.