சூப்பர்ஹீரோ இரண்டாம் பாகம்: ஐமேக்ஸா, டால்பியா, 4டிஎக்ஸா, வீட்டு டிவியா?

இரண்டாம் பாகம் வெளியாகும் வாரத்தில் டிக்கெட் செயலியைத் திறந்தால் ஒரே படம் ஐந்தாறு வடிவங்களில் வரிசை கட்டி நிற்கும். விலை கூடினால் தரமும் கூடும் என்று நம்பி அழுத்தினால் பல நேரம் காசுக்குக் கேடுதான். படம் எந்தக் கேமராவில், என்ன திரை விகிதத்தில் (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) எடுக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

ஐமேக்ஸ்

பெரும்பாலான ஆக்‌ஷன் படங்கள் 2.39:1 என்ற அகன்ற விகிதத்தில் வருகின்றன. டிஜிட்டல் ஐமேக்ஸ் திரையின் விகிதம் 1.90:1. அதற்கென எடுத்த காட்சிகள் மேலும் கீழும் திரையை நிரப்பும். அதே அகலத்தில் சுமார் 26 சதவீதம் கூடுதல் படம். உலகில் வெகு சில அரங்குகளில் மட்டுமே உள்ள 1.43:1 திரையில் இந்தக் கூடுதல் 67 சதவீதம் வரை போகும்.

இதிலும் இரண்டு வகை. 2008இல் வந்த 'தி டார்க் நைட்' ஒரு தொடர்ச்சிப் படம்தான்; அதில் குறிப்பிட்ட சில காட்சிகள் மட்டும் ஐமேக்ஸ் ஃபிலிம் கேமராவில் எடுக்கப்பட்டன. ஆகவே ஐமேக்ஸ் அரங்கில் பார்க்கும்போது படம் விரிவதும் சுருங்குவதுமாக இருக்கும். 2019இன் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' முழுக்க ஐமேக்ஸ் டிஜிட்டல் கேமராவில் எடுத்தது; தொடக்கம் முதல் முடிவு வரை 1.90. இந்த இரண்டிலும் சேராமல், வெறுமனே 'ஐமேக்ஸிலும் வெளியாகிறது' என்ற அளவில் நிற்கும் படம் என்றால், பெரிய திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடுதான் பார்ப்பீர்கள். பெரிய திரைக்கும் அதிரும் ஒலிக்கும்தான் அந்தக் கூடுதல் காசு.

அரங்கையும் விசாரியுங்கள். பழைய செனான் விளக்கு ஐமேக்ஸ் என்றால் 2கே புரொஜெக்டர். லேசர் என்றால் அதைவிட நுணுக்கமாகப் படம் காட்டும் 4கே. நிறமும் கறுப்பும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மேம்பட்டிருக்கும். 12 சானல் ஒலியும் லேசரோடு வந்ததுதான். பெயர்ப்பலகையில் இரண்டுமே 'ஐமேக்ஸ்'தான் என்பதுதான் எரிச்சல்.

டால்பி சினிமா

டால்பி நிறுவனத்தின் படமும் ஒலியும் சேர்ந்த சிறப்பு அரங்கு இது. இருட்டில் நடக்கும் சண்டைக்கு இதை அடிக்க ஆளில்லை. சாதாரண அரங்கில் 2டி படத்துக்கான வெளிச்சத் தரம் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). டால்பி சினிமாவில் 31. இரட்டை லேசர் புரொஜெக்டர், 10 லட்சத்துக்கு 1 என்ற கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம். நள்ளிரவு மொட்டைமாடியில் கறுப்பு உடை நாயகன் கறுப்பு உடை வில்லனோடு மோதினால், மற்ற அரங்குகளில் சாம்பல் புகைக்குள் இரண்டு நிழல்கள் புரளும். இங்கே தோளின் மடிப்பு வரை தெரியும்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'டால்பி அட்மாஸ்' என்று போட்ட எல்லா அரங்கும் டால்பி சினிமா ஆகாது. அட்மாஸ் என்பது ஒலி மட்டும்: 128 தடங்கள் வரை, 64 தனித்தனி ஸ்பீக்கர் வழிகள் வரை. அதை எந்தச் சாதாரண புரொஜெக்டரோடும் இணைக்கலாம்.

எங்கள் தேர்வு: முழுக்க ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த படம் என்றால் லேசர் ஐமேக்ஸ். மற்ற எல்லாவற்றுக்கும் டால்பி. இரண்டிலும் இருக்கை நடுவில், திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு பின்னால். ஒலி சமநிலையாகக் கேட்பது அந்தப் பகுதியில்தான்.

3டி

பெரும்பாலான சூப்பர்ஹீரோ படங்கள் 2டியில் எடுத்து, பிறகு கணினியில் 3டியாக மாற்றப்பட்டவை. ஃபில்டரும் கண்ணாடியுமாகச் சேர்ந்து வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். நொடிக்கொரு வெட்டு விழும் சண்டையில், ஆழம் மாறும் ஒவ்வொரு முறையும் கண் புதிதாகப் பொருந்த வேண்டும். தலைவலி வருவது இதனால்தான். வேறு காட்சிநேரம் கிடைக்காவிட்டால் மட்டும் போங்கள்.

3டிக்குப் போகாதவர்களையும் இது விடாது. சில வகைப் புரொஜெக்டர்களில் 3டி லென்ஸைக் கழற்றாமலே 2டி படத்தை ஓட்டிவிடுவார்கள்; படம் மங்கிப்போகும். சந்தேகம் வந்தால் சாதாரண அரங்கில் திரும்பி புரொஜெக்டர் அறை ஜன்னலைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஒளிக்கற்றை தெரிந்தால், படம் தொடங்கும் முன்பே ஊழியரிடம் சொல்லிவிடுவது நல்லது.

4டிஎக்ஸ்

2009இல் தென்கொரியாவில் தொடங்கியது. நான்கு இருக்கைகள் ஒரே தளத்தில் சேர்ந்து ஆடும். காற்று, நீர்த்தெறிப்பு, வாசனை, மின்னல் எல்லாம் உண்டு. தண்ணீர் வேண்டாம் என்றால் கைப்பிடியில் பொத்தான் இருக்கும். மூடியில்லாத குவளையில் பானம் வாங்கினால் அது மடியில்தான் போய்ச் சேரும். முதல் முறை பார்க்க இது சரிப்படாது. முதல் பாகத்தின் முடிச்சை அவிழ்க்கும் வசனம் வரும் நேரத்தில் இருக்கை முதுகில் குத்திக்கொண்டிருக்கும். பிடித்த படத்தை இரண்டாம் தடவை பார்க்கும்போது அமர்க்களம்.

வீடு

ஓடிடியில் 4கே படம் பொதுவாக நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட். 4கே புளூ-ரே டிஸ்க்கில் அது 100ஐத் தாண்டக்கூடும். வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இருட்டில்: புகை, இரவு வானம் போன்ற இடங்களில் ஓடிடி படம் படிக்கட்டு படிக்கட்டாகப் பட்டை பிரியும். ஒலியும் டிஸ்க்கில்தான் இழப்பில்லாமல் வரும்.

ஆனாலும் டிஸ்க்தான் எப்போதும் மேல் என்று சொல்ல முடியாது. 2021 நவம்பரில் டிஸ்னி பிளஸ் சில மார்வெல் படங்களை 1.90 ஐமேக்ஸ் விகிதத்தில் தரத் தொடங்கியது. 'எண்ட்கேம்' அதில் ஒன்று. அதன் 4கே டிஸ்க்கிலோ 2.39 மட்டும்தான். ஆக, உயரமான படம் ஓடிடியில், சுத்தமான படம் டிஸ்க்கில்.

65 அங்குல டிவிக்குச் சுமார் 2 மீட்டர் தூரத்தில் உட்காருங்கள். படத்தைச் சீரியல் போல வழுக்க வைக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்'கை அணைத்துவிட்டு, 'ஃபிலிம்மேக்கர்' அல்லது 'சினிமா' முறைக்கு மாற்றுங்கள். வசனம் அமுங்கிக் கேட்டால் மொத்த ஒலியையும் ஏற்ற வேண்டாம். சவுண்ட்பாரில் வசனம் வரும் சென்டர் சானலை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டினால் போதும்.