எழும்பூரா, தி.நகரா, கிண்டியா? சென்னையில் ரூம் போடும் முன்

நாளுக்கு இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு வரை கொடுக்கலாம், சுத்தமான படுக்கை, ஏசி, வெந்நீர், வயசானவர்களுக்கு லிஃப்ட் இருந்தால் போதும், நீச்சல்குளமும் ஜிம்மும் நமக்கெதற்கு என்று நினைக்கிற ஆளா நீங்கள்? அதிலும் மதுரைக்குத் தெற்கேயிருந்து ராத்திரி ரயிலேறி விடியற்காலையில் சென்னையில் இறங்குகிறவரா? அப்படியென்றால் எழும்பூரிலேயே ரூம் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. அம்மாவின் கண்ணுக்காக நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவுக்கு வந்து போவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அந்தச் சாக்கில் தி.நகரிலும் எழும்பூரிலும் நன்றாகவே தங்கிப் பார்த்தாயிற்று, கிண்டியில் கொஞ்சம்.

மூன்றுமே கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் பாதையில்தான் இருக்கின்றன. எழும்பூர், மாம்பலம் (தி.நகருக்கான ஸ்டேஷன்), கிண்டி என்று ஒரே வண்டியில் போய்விடலாம். அதனால் எது ஊருக்கு நடுவில், எது ஓரத்தில் என்று ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. வாடகையிலும் ஒரே தரத்து ரூமுக்கு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் எதையும் நான் பார்க்கவில்லை. சாப்பாடு மூன்று இடத்திலும் கிடைக்கும், இட்லிக்குச் சென்னையில் பஞ்சமா என்ன.

காசைத் தீர்மானிப்பது செக்-இன் நேரம். வாடகையை மட்டும் பார்த்து ரூம் போடுகிறவர்கள் பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

சென்னையில் இரண்டு விதமான கணக்கு ஓடுகிறது. பெரிய சங்கிலி ஹோட்டல்களும் புதிதாகக் கட்டியவையும் பகல் 12 அல்லது 2 மணிக்கு உள்ளே, மறுநாள் 11 அல்லது 12 மணிக்கு வெளியே என்று வைத்திருக்கின்றன. பழைய ஹோட்டல்கள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. நீங்கள் எத்தனை மணிக்கு நுழைகிறீர்களோ அதிலிருந்து ஒரு நாள். ரிசப்ஷனில் உள்ளவர் சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ரிஜிஸ்டரில் உங்கள் பெயருக்கு நேராக 5.40 என்று எழுதுவார். சாவியோடு கொடுக்கிற சீட்டிலும் அதே 5.40. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கிளம்பும்போது பேச்சு வந்தால் அதுதான் சாட்சி.

இப்போது கணக்குப் போடுவோம். வாடகை 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (நாள் வாடகை 7,500 வரையுள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அந்த மட்டும் நல்லது.) காலை ஐந்தரைக்கு இறங்கி, குளித்து, டாக்டரைப் பார்த்து, மத்தியானம் அம்மாவைக் கொஞ்சம் படுக்க வைத்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு ரயிலுக்குக் கிளம்புகிறீர்கள். 24 மணி நேரக் கணக்கில் இது ஒரே நாள், வரியோடு 2,625. பகல் 12 கணக்கில், விடியற்காலையில் ரூம் கையில் இருக்க வேண்டுமென்றால் முந்தின நாளிலிருந்தே எடுத்திருக்க வேண்டும், அது ஒரு வாடகை. 12 மணிக்கு மேல் இருந்தால் இன்னொன்று. ஆக 5,250, சரியாக இரண்டு மடங்கு. சனிக்கிழமை விடியற்காலை வந்து ஞாயிறு ராத்திரி திரும்புகிறவருக்கு 24 மணி நேரக் கணக்கில் இரண்டு வாடகை, பகல் 12 கணக்கில் மூன்று.

சில இடங்களில் பாதி வாடகை வாங்கிக்கொண்டு சீக்கிரம் ரூம் கொடுக்கிறார்கள். ரூம் காலியாக இருந்தால் இலவசமாகவே விடுகிறவர்களும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது அன்றைய கூட்டத்தையும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரின் மனசையும் பொறுத்தது. நாம் மட்டும் என்றால் லாபியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கலாம். ராத்திரி முழுக்க ரயிலில் தூங்காமல் வந்த எழுபது வயசு அம்மாவை சோபாவில் உட்கார வைத்துவிட்டுப் பன்னிரண்டு மணி எப்போது ஆகும் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எழும்பூர் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. பாண்டியன், நெல்லை, பொதிகை, முத்துநகர் என்று தெற்கேயிருந்து வருகிற வண்டிகளை நம்பியே அந்தப் பக்கத்து ஹோட்டல்கள் வளர்ந்தன. காந்தி இர்வின் சாலையிலும் கென்னட் லேனிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் 24 மணி நேரக் கணக்குள்ள இடங்கள் இன்னும் இருக்கின்றன. விடிவதற்கு முன் பெட்டியோடு வந்து நின்றால் அவர்களுக்கு அது ஆச்சரியமே இல்லை. ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம், அந்த நேரத்தில் ஆட்டோக்காரரோடு பேரம் பேசுகிற வேலையும் மிச்சம்.

மெட்ரோ நிலையமும் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. சென்ட்ரல் அடுத்த நிறுத்தம். விமான நிலையத்துக்கு ஆலந்தூரில் ஒருமுறை மாறினால் போதும். நேத்ராலயா ஆட்டோவில் பக்கம்தான். குழந்தைகள் மருத்துவமனைக்கும் அரசு கண் மருத்துவமனைக்கும் வருகிறவர்களுக்கோ இன்னும் வசதி, இரண்டும் எழும்பூரிலேயே இருக்கின்றன. ஒரு பகல் சும்மா கிடைத்தால் பாந்தியன் சாலையில் அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

குறைகளும் உண்டு. கட்டடங்கள் பழசு. நாளுக்கு மூவாயிரம் கொடுத்தாலும் குளியலறை டைல்ஸைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டி வரலாம். ரோட்டைப் பார்த்த ரூம் கிடைத்தால் ஹாரன் சத்தம் ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் ஓயாது, பின்பக்க ரூமாகக் கேட்டு வாங்குங்கள். சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு எழும்பூரைச் சொல்லவே மாட்டேன், அந்தச் சந்துகளில் வண்டியை நிறுத்துவது பெரும்பாடு. ஸ்டேஷனில் மறுசீரமைப்பு வேலைக்காகச் சில வண்டிகளைத் தற்காலிகமாகத் தாம்பரத்தோடு நிறுத்தியதும் நடந்தது. டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு ரூம் போடுவது நல்லது.

தி.நகருக்கு வருவோம். கல்யாணத்துக்குப் பட்டும் நகையும் எடுக்க வருகிறவர்களுக்கு வேறு இடமே வேண்டாம். பை நிறைந்ததும் ரூமில் கொண்டுபோய் வைத்துவிட்டு மறுபடி கடைக்குப் போகிற சுகம் வேறெங்கும் கிடைக்காது. தெற்கேயிருந்து வரும் பல வண்டிகள் மாம்பலத்திலும் நிற்கும், அங்கேயே இறங்கிவிடலாம். 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை மாம்பலம் ஸ்டேஷனை தி.நகர் பஸ் நிலையத்தோடு இணைக்கிறது. அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம், லிஃப்டும் இருக்கிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்த வேண்டியதில்லை. ஜி.என்.செட்டி சாலை, வெங்கட்நாராயணா சாலைப் பக்கத்து ரூம்கள் எழும்பூரைவிடப் புதுசாகவும் பளிச்சென்றும் இருக்கும், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் நான் விசாரித்த வரையில் அங்கே பெரும்பாலும் பகல் 12 கணக்குதான். தவிர, பனகல் பூங்காவில் மெட்ரோ வருகிற வரைக்கும் மின்சார ரயிலை விட்டால் பஸ்ஸும் ஆட்டோவும்தான் கதி. மாலை ஆறு மணிக்கு உஸ்மான் சாலைப் பக்கம் ஆட்டோ பிடித்து எழும்பூரில் ரயிலைப் பிடிப்பது எல்லாராலும் தாங்கக்கூடிய பதற்றம் இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரங்களில் வேலை தி.நகரிலேயே இருந்தாலும் நான் எழும்பூரில் தங்கி மின்சார ரயிலில்தான் போவேன்.

கிண்டியைப் பற்றி அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. தங்கிய வரையில் ரூம் நன்றாக இருந்தது, தெருதான் ராத்திரியில் வெறிச்சென்று கிடந்தது. சாப்பிட்டுவிட்டுக் காலாற நடந்துவர அவ்வளவு தோதான இடமாகப் படவில்லை. விமானத்தில் வருகிறவர்களுக்கு இதுதான் சரி, மெட்ரோவில் மாறாமல் நேராக வந்துவிடலாம், நாலே நிறுத்தம். விமானப் பயணிக்குப் பகல் 12 கணக்கும் உறுத்தாது, மத்தியானம் வந்து மறுநாள் காலை கிளம்புகிறவருக்கு எந்தக் கணக்காக இருந்தால் என்ன. 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கும் கிண்டி பக்கம்.

கோயம்பேடு? முன்பு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு யோசிக்காமல் அதைச் சொல்லிவிடலாம். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்ட அரசு பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன, அதனால் எங்களைப் போன்றவர்களுக்குக் கோயம்பேட்டில் தங்க முக்கியமான காரணமே போய்விட்டது. பஸ்ஸில்தான் வருவேன் என்பவர்கள் கிளாம்பாக்கத்திலிருந்து மாநகரப் பஸ்ஸில் தாம்பரம் வந்து, அங்கே மின்சார ரயில் ஏறினால் இந்த மூன்று இடங்களில் எதற்கும் போகலாம்.

எங்கே போட்டாலும் சரி, ஆப்பில் பணம் கட்டுவதற்கு முன்னால் ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். 24 மணி நேரக் கணக்குள்ள இடமாகவே இருந்தாலும் ஆப் வழியாக எடுத்தால் ஆப் சொல்கிற 12 மணிதான் செல்லும் என்று எனக்கு ஓரிடத்தில் சொன்னார்கள். நேரில் வந்தால் காலையிலிருந்தே கணக்கு என்றும் அவர்களே சொன்னார்கள். ஆப்பில் இருநூறு முந்நூறு தள்ளுபடி கிடைக்கலாம், அதற்காக அரை நாளை விட்டுக்கொடுப்பதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். "காலை ஐந்தரைக்கு வருவோம், எத்தனை மணிக்குக் காலி செய்யணும்?" என்று நேராகக் கேளுங்கள். செக்-இன் நேரம் என்ன என்று மட்டும் கேட்டால் மழுப்பலாகப் பதில் வரும். நேரம் தாண்டினால் ஒரு மணி நேரம் பொறுப்பார்களா, உடனே அரை வாடகை போடுவார்களா என்பதையும், வெந்நீர் நாள் முழுக்க வருமா, காலையில் மட்டுமா என்பதையும் அதே போனில் கேட்டுவிடலாம். சில இடங்களில் ஒன்பது மணிக்கே வெந்நீரை நிறுத்திவிடுவார்கள். வண்டி லேட்டாகி எட்டரைக்கு ரூமுக்குள் நுழைந்தால், நாலு பேரில் கடைசியாகக் குளிக்கிறவருக்குப் பச்சைத் தண்ணீர்தான்.