பிஹெச்பியா, ஃபிளாஸ்க்கா: அல்சூர் மெஸ்ஸுக்கு எது?

பெங்களூரு அல்சூரில் மெஸ் நடத்தும் அண்ணன் கேட்டார்: "தம்பி, இன்னைக்கு என்ன குழம்புன்னு தானா மாறுற மாதிரி ஒரு பக்கம் வேணும். எதுல எழுதுவ?" இணையப் பக்கம் எழுத என் முன் இரண்டு வழி: பிஹெச்பி என்ற நிரல் மொழி, அல்லது பைத்தான் மொழியில் இணையப் பக்கம் எழுத உதவும் ஃபிளாஸ்க்.

செலவு
பிஹெச்பி: மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கே (பலர் பகிரும் சர்வர்) போதும்.
பைத்தான் ஃபிளாஸ்க்: பெரும்பாலும் தனி விபிஎஸ் (நமக்கென ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) கேட்கும்.

ஏற்றுவது
பிஹெச்பி: ஃபைலைப் போட்டால் ஓடும்.
ஃபிளாஸ்க்: பைத்தான் கோடை ஓட்ட கூனிகார்ன், அதற்கு முன்னால் நிற்க என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், கோடு மாற்றினால் ரீஸ்டார்ட். குழம்புக்கு இவ்வளவு கூத்தா!

எழுதுவது
பிஹெச்பி: எச்டிஎம்எல் (பக்கத்தின் வடிவத்தைச் சொல்லும் குறியீடு) நடுவிலேயே கிழமையைப் பார்த்து, ஏழு குழம்பில் ஒன்றை எக்கோ செய்யலாம், அதாவது பக்கத்தில் காட்டலாம். பத்து வரி. ஆனால் டைம்சோன் சொல்லாவிட்டால் யுடிசி நேரம்தான் (உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி பின்னால்). காலை ஐந்தரை வரை நேற்றைய வத்தக்குழம்பே நிற்கும். நானும் மாட்டினேன். 'ஏசியா/கொல்கத்தா' என்று ஒரு வரி சேர்த்த பிறகே சரியானது.
ஃபிளாஸ்க்: டெம்ப்ளேட் (பக்கத்தின் வடிவம்) தனி, கோடு தனி. சர்வர் யுடிசியில் இருந்தால் இங்கும் அதே கதை.

பாதுகாப்பு
பிஹெச்பி: வாடிக்கையாளர் எழுதியதைக் காட்டும்போது, அதில் ஒளிந்த கோடு ஓடாமல் தடுக்கும் ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் என்ற ஃபங்ஷனை நாமே போட வேண்டும், மறப்பது சுலபம்.
ஃபிளாஸ்க்: எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டில் ஜின்ஜா (ஃபிளாஸ்க்கின் டெம்ப்ளேட் கருவி) தானாகவே அதைச் செய்துவிடும்.

அண்ணனுக்கு பிஹெச்பியே கொடுத்தேன். பார்சல் ஆர்டர், லாகின், மாதக் கணக்கு என்று வளரப்போகிறது, பைத்தானும் கைவசம் இருக்கிறது என்றால் முதலிலேயே ஃபிளாஸ்க்.