அஞ்சு புள்ளின்னா எத்தனை நாள்?

போன வாரம் நெல்லிக்குப்பத்திலிருந்து கல்லூரி நண்பன் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். நாலு பேரை வைத்து சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறவன், இப்போது கொஞ்சம் பெரிய வேலை ஒன்று கையில் வந்திருக்கிறது. "மச்சான், அஜைலா போகட்டுமா, இல்ல பழையபடி முழுசா பிளான் போட்டுட்டு இறங்கட்டுமா, ஒரே வார்த்தையில சொல்லு" என்கிறான். அந்த நேரம் பார்த்து நான் கடுப்பில் இருந்தேன். "ரெண்டும் வேணாம், மளிகைக்கடை வை" என்று அனுப்பிவிட்டேன். பாவம், அவன் நிஜமாகவே கேட்டான். அதனால்தான் இந்த நீளமான பதில்.

நான் தினம் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய் வருகிற ஆள். முழுத் திட்டத்தையும் முதலிலேயே போட்டுவிட்டுப் படிப்படியாக இறங்குகிற பழைய முறையான வாட்டர்ஃபாலில் நாலு வருஷம், அஜைல் வகையைச் சேர்ந்த ஸ்க்ரம்மில் எட்டு வருஷம் ஓட்டியாயிற்று. அஜைல் என்றால் சின்னச் சின்னத் துண்டாகச் செய்து, காட்டி, திருத்திக்கொண்டே போவது; அப்படி ஒரு துண்டைச் செய்து முடிக்கிற காலம்தான் ஸ்பிரிண்ட், எங்களுக்கு இரண்டு வாரம். அதற்கு மேல் உள்ளே போகவில்லை.

பழைய முறையில் எங்களுக்கு விழுந்த பெரிய அடி பண்ருட்டியில். ஒரு முந்திரி ஆலைக்குச் சரக்குக் கணக்கு சாஃப்ட்வேர். ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் 92 பக்கம், கடைசிப் பக்கத்தில் ஆலைக்காரர் கையெழுத்து. ஏழு மாதம் உட்கார்ந்து செய்து, கொண்டுபோய்த் திறந்து காட்டினால், முதல் திரையே மூட்டை வாங்கும்போது ரகம் என்ன என்று கேட்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, மூட்டையில இருக்கறது கொட்டை. உடைச்சு, தோல் உரிச்சு, பிரிச்சுப் போட்ட பிறகுதானே அது 240ஆ 320ஆன்னு தெரியும்?" என்றார். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300லிருந்து 320 முழுப்பருப்பு நிற்கும், எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு, விலையும் அதிகம். பண்ருட்டிப் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற விஷயம் எங்கள் 92 பக்கத்துக்குத் தெரியவில்லை. கையெழுத்து இருக்கிறதே என்று எங்கள் ஆபீசில் வாதாடிப் பார்த்தார்கள். கையெழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய, இன்னும் மூன்று மாதம் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தோம்.

இந்த முறைக்கு மூலம் என்று எல்லாரும் 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்க சாஃப்ட்வேர் நிபுணர் எழுதிய கட்டுரையைத்தான் திட்டுவார்கள். அந்த மனுஷன் படியாக இறங்குகிற அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, இதை இப்படியே செய்தால் ஆபத்து என்றும், முதலில் ஒரு சோதனைப் பதிப்பைச் செய்து பாருங்கள் என்றும் அவரே எழுதியிருக்கிறார். வாட்டர்ஃபால் என்ற பெயரும் அவர் வைத்ததில்லை. எங்களைப் போன்றவர்கள் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆகவே முறை மேல் மட்டும் பழி போடக் கூடாது என்று அப்போது பெரிய மனசோடு சொல்லிக்கொண்டேன். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வருகிறது.

ஸ்க்ரம்முக்கு மாறியது 2017இல், புதுச்சேரியில் பாரோடு சேர்ந்த ஒரு ரெஸ்டாரன்ட்டின் பில்லிங் வேலைக்கு. ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி, மது அதற்குள் வராது, அதற்கு வாட் தனி. ஒரே மேசை, ஒரே ஆள், இரண்டு வரி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்த மட்டும் கொண்டுபோய் கல்லாவில் உட்கார்ந்து காட்டினோம். இரண்டாவது டெமோவில், முதலாளி இல்லை, கல்லாவில் இருந்த அக்கா கேட்டார்: "பார்ல உட்கார்ந்திருந்தவரு குடும்பம் வந்ததும் டைனிங் ஹாலுக்கு எழுந்து போறாருன்னா, பில்லும் கூடவே போகுமா சார்?" நாங்கள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். அடுத்த ஸ்பிரிண்ட்டில் பில் நகர்ந்தது. அப்புறம் அதே வருஷம் நவம்பர் 15 முதல் ரெஸ்டாரன்ட் வரி 18லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியபோது, உள்ளீட்டு வரிச் சலுகை (வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) இல்லை என்பதையும் சேர்த்து, ஒரே ஸ்பிரிண்ட்டில் முடித்துக் கொடுத்தோம். பழைய முறையாக இருந்தால் மாற்றக் கடிதம், அதற்கு ஒரு விலை, அதற்கு ஒரு சண்டை. அந்த டெமோவின் சுகம் இருக்கிறதே, எட்டு வருஷமாகியும் எனக்கு அலுக்கவில்லை.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு என் கடுப்புக்கு வருகிறேன். வெலாசிட்டி, அதாவது ஒரு ஸ்பிரிண்ட்டில் முடித்த வேலைகளின் புள்ளிக் கூட்டல்.

மூன்று வருஷமாக ஒரு பெங்களூர் கம்பெனியின் வேலையைச் செய்கிறோம். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் 1, 2, 3, 5, 8, 13 என்று புள்ளி போட வேண்டும். இது அதைவிடப் பெரிசா சின்னதா என்று நாங்கள் எங்களுக்குள் பார்த்துக்கொள்ளத்தான் புள்ளி. அதைக் கூட்டி மார்க் ஷீட் ஆக்கிவிட்டார்கள். "போன ஸ்பிரிண்ட்டில் 41, இதில் 34, ஏன்?" இப்படி நாலு தடவை கேட்டால் எந்தப் பையனும் என்ன செய்வான்? நேற்று 3 போட்ட வேலைக்கு இன்று 5 போடுவான். எங்கள் வெலாசிட்டி வருஷா வருஷம் ஏறுகிறது, செய்கிற வேலை அதே அளவுதான், விலைவாசி மாதிரி. அதிலும் மாதம் ஒருவராவது கேட்டுவிடுவார், "அஞ்சு புள்ளின்னா எத்தனை நாள்?" என்று. நாளாகச் சொல்லக் கூடாது என்பதற்காகத்தானய்யா புள்ளியே!

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கரண்ட் இல்லை, ஊரெல்லாம் தண்ணீர். அடுத்து சாத்தனூர் அணையில் தண்ணீர் திறந்துவிட, தென்பெண்ணை கரை புரண்டு கடலூர் பக்கம் ஊர்களுக்குள் வந்தது. எங்கள் டெஸ்டர் பெண் குடும்பத்தோடு மொட்டை மாடியில் இருந்தாள். அந்த ஸ்பிரிண்ட் முடிந்ததும் பெங்களூரிலிருந்து, வெலாசிட்டி பாதியாகியிருக்கிறது, முடிந்த ஸ்பிரிண்ட்டைத் திரும்பிப் பார்க்கிற ரெட்ரோவில் காரணம் எழுதுங்கள் என்றார்கள். "புயல்" என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் கேள்வி வந்தது: அடுத்த முறை இதைத் தவிர்க்க என்ன செய்வீர்கள்?

கோபத்தை அடக்கிக்கொண்டு நியாயமும் பேசுகிறேன். ஸ்க்ரம் கையேட்டில் வெலாசிட்டியும் இல்லை, ஸ்டோரி பாயின்ட் என்கிற இந்தப் புள்ளியும் இல்லை. 2001இல் அமெரிக்காவின் யூட்டாவில் கூடி அஜைல் அறிக்கை எழுதிய 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயின்ட்டை நான்தான் கண்டுபிடித்தேன் போலிருக்கிறது, அப்படியானால் வருந்துகிறேன் என்ற அர்த்தத்தில் எழுதியேவிட்டார். முறை நல்லது, ஆட்கள்தான் கெடுத்தார்கள். சரி. ராய்ஸுக்கும் இதையேதானே சொன்னேன்? இரண்டுக்கும் ஒரே சாக்கு. அந்தச் சாக்கு எனக்கு இனி செல்லாது.

பழைய ஆபீசில் ஒரு சீனியர் இருந்தார். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்ததிலிருந்து, எந்த கேன்ட் சார்ட் (எந்த வேலை எந்தத் தேதியில் என்று கோடு போட்டுக் காட்டுகிற அட்டவணை) போட்டாலும் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசிவரை ஒரு சிவப்புக் கோடு இழுத்து "மழை" என்று எழுதிவிடுவார். சிரிப்போம். ஆனால் அந்தக் கோட்டுக்குள் எந்த டெலிவரியும் விழாது. ஸ்பிரிண்ட்டில் அந்தக் கோட்டுக்கு இடமே கிடைக்கவில்லை. சித்திரையில் வருகிற இரண்டு வாரமும் கார்த்திகையில் வருகிற இரண்டு வாரமும் அங்கே ஒன்றுதான்.

நண்பனுக்கு வருகிறேன். சாஃப்ட்வேர் நிபுணர்கள் பாரி போயமும் ரிச்சர்ட் டர்னரும் 2003இல், எந்த முறை பொருந்தும் என்று முடிவு செய்ய ஐந்து விஷயம் பார்க்கச் சொன்னார்கள்: எத்தனை பேர், தப்பானால் எவ்வளவு இழப்பு, தேவை எவ்வளவு மாறும், ஆட்களின் திறமை, அவர்கள் குழப்பத்தைத் தாங்குகிறவர்களா ஒழுங்கை விரும்புகிறவர்களா. உன்னிடம் நாலே பேர், உன் கஸ்டமர் வாரம் ஒரு பேச்சு பேசுகிறவர் என்று நீயே சொல்கிறாய். கணக்குப்படி உனக்கு அஜைல்தான். ஆனாலும் நான் பிளான் போடு என்றுதான் சொல்வேன். இன்று காலையும் என்னிடம் 34 ஏன் என்று கேட்டார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி மச்சான், பிளானே போடறேன். ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போய்க் காட்டிட்டு வந்துடட்டுமா?" என்றான்.

"காட்டுடா. புள்ளி மட்டும் போட்டுடாதே" என்றேன்.