கடல்பாசி மூட்டையை ஏற்றும் முன்: எங்கள் குழு ஏமாந்த கதை

மண்டபம் கரையில் பாசி வளர்க்கும் அக்கா தங்கைகள் இதைப் படித்துவிடுங்கள். 16 மூட்டை காய்ந்த பாசி கொடுத்தோம். 12 மூட்டைக்குத்தான் பணம் வந்தது.

புதிதாக வந்த வியாபாரி கிலோவுக்கு 5 ரூபாய் கூடத் தருவதாகச் சொல்லி முன்பணமும் கொடுத்தார். லோடு அவசரம் என்று 30-ஆம் நாளே அறுக்கச் சொன்னார். கடலில் பாசி கட்டும் மூங்கில் மிதவை ஒன்றுக்கு 60 கிலோ விதைப்பாசி கட்டி 45 நாள் விட்டால்தான் 200 கிலோவைத் தாண்டும், பாசியிலிருந்து எடுக்கும் ஜெல் பொருளான காரஜீனனும் நன்றாகப் பிடித்திருக்கும். தெரிந்தேதான் அறுத்தோம். கடன் தவணை நெருக்கியது.

மணல் ஒட்டாமல் வலை விரித்து மூன்று நாள் காயவைத்து, உப்பை உதறி 384 கிலோ கட்டினோம். கரையில் எடை போட்டபோது வாய் திறக்காதவர், கிடங்குக்குப் போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில், "அக்கா, ஈரம் 45 சதவீதம் இருக்கிறது. பாசியும் இளசு, ஜெல் பிடிக்காது" என்றார். ஈரத்துக்கு 15 சதவீதம், இளசுக்கு 10 சதவீதம் கழித்து 288 கிலோவுக்குக் கணக்கு முடித்துவிட்டார்.

இளசில் ஜெல் வலு குறையும் என்பது உண்மைதான். ஆனால் இளசாக அறுக்கச் சொன்னது யார்? மூட்டையைத் திருப்பித் தாருங்கள் என்றால், வேறு பாசியோடு கலந்தாயிற்றாம்!

நல்லவேளை, ஏற்றிய அன்றே ஒரு கைப்பிடியைக் காற்றுப் புகாத பையில் கட்டி வைத்திருந்தேன். அதில் 100 கிராம் எடுத்து, இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில், எடை இறங்குவது நிற்கும்வரை கருகாமல் புரட்டினேன். 65 கிராம் நின்றது. ஈரம் 35 சதவீதம்தான். 35 முதல் 38 வரை இந்த வியாபாரத்தில் வழக்கமாக ஏற்கும் அளவு. இதைச் சொன்னதும், "சட்டிக் கணக்கெல்லாம் செல்லாது" என்று சிரித்தார். அவருடைய கருவியை மட்டும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

எடையும் ஈரமும் கரையிலேயே, உங்கள் கண்ணெதிரே அளக்கப்பட வேண்டும். இரண்டையும் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாதிரிப் பை ஒன்றை இருவர் முன்னால் கட்டி முத்திரையிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாள் முந்தி அறுக்கச் சொன்னால், அதற்கான விலையையும் அப்போதே எழுதி வாங்குங்கள்.

அவர் இப்போது தொண்டிப் பக்கம் முன்பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம்.