கம்பளை லயன் அருங்காட்சியகம்: அம்மாயியோடு போய் வந்தது

இலங்கையில் கம்பளைப் பக்கம், பழைய பீகொக் தோட்டத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு அம்மாயியை, அதாவது அம்மாவின் அம்மாவை, கூட்டிப் போனேன். அவருக்கு 78 வயது. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 41 வருஷம் கொழுந்து பறித்தவர். கண்டியிலிருந்து கம்பளைக்கு பஸ், அப்புறம் ஆட்டோ. வயதானவர்களோடு போகிறவர்கள் காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள்.

கண்டி சமூக அபிவிருத்தி நிறுவனம் பழைய லயனையே, அதாவது தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீட்டையே, அருங்காட்சியகமாக்கி 2007இல் திறந்தது. இதன் பெரிய பலமே அதுதான். வாசலில் அம்மாயி தானாகவே தலையைக் குனிந்துகொண்டார். "குனிஞ்சு வா ஐயா, நிலை இடிக்கும்" என்றார். லயக்காம்பராவில் பிறந்த உடம்பு மறக்குமா?

ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தையும் பார்த்திருக்கிறேன். 1925இல் கட்டிய தொழிற்சாலை, நான்கு மாடி, பிரமாண்டமான இயந்திரங்கள். இலங்கையில் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட கதை நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே பாடம். அதுவும் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அந்த ஏக்கர்களில் முதுகு வளைந்தவர்களின் வீட்டுக்குள் நுழைய கம்பளைக்குத்தான் வர வேண்டும்.

கூடை, கம்பளி, கவ்வாத்துக் கத்தி. அம்மாயி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார். கூடையைப் பார்த்ததும் பேச்சு வந்தது. கொழுந்து இரண்டு றாத்தல் குறைந்ததற்காக அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான், போட்டார்களாம். என் அம்மா அப்போது கைக்குழந்தை, பால் கொடுக்கப் பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கு) அம்மாயி ஓடி வந்த நேரத்தில் குறைந்த கொழுந்து அது. ஐம்பது வருஷமாக இதை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கூடை முன்னால்தான் சொன்னார். நான் அழுதுவிட்டேன்.

பிரஜாவுரிமைக் கதை இன்னும் கனமானது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களான நம்மை நாடற்றவர்களாக்கியது. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். அம்மாயியின் அண்ணன் 1972இல் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவில் நீலகிரியிலுள்ள கோத்தகிரிக்குப் போனார். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கச்சியும் முகம் பார்க்கவேயில்லை. பாடப்புத்தகத்தில் இதெல்லாம் எனக்கு எண்களாகத்தான் இருந்தன.

பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கூட்டிப் போங்கள். அவசரப்படுத்தாமல் பின்னால் நடங்கள். போனில் குரல் பதிவை ஓட விட்டுவிடுங்கள். நான் விட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாயி கேட்டார்: "அண்ணன் போட்ட காயிதமெல்லாம் டிரங்குப் பெட்டியில கெடக்கு. குடுத்தா அங்க வச்சிக்குவாங்களா?" பெட்டியில் பதினோரு கடிதம் இருக்கிறது. கேட்டுப் பார்க்க அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம்.