பஞ்சாப் கால்பந்து என்றால் ஜேசிடியா, பஞ்சாப் எஃப்சியா?

பஞ்சாப் மாநிலத்தின் பக்வாரா நகரில் பஞ்சாலை ஒன்று 1971இல் தொடங்கிய கால்பந்து அணி ஜேசிடி. அந்த மண்ணின் மைந்தர் இந்தர் சிங் அதற்காக ஆடினார். சுக்விந்தர் சிங்கின் பயிற்சியில், பாய்ச்சுங் பூட்டியாவும் ஐ.எம்.விஜயனும் கோல்களைக் குவிக்க, 1996–97இல் முதல் தேசிய கால்பந்து லீக் பட்டம் அதற்கே கிடைத்தது! பக்வாரா அமைந்த தோவாபா வட்டாரத்தின் சீக்கியக் கிராமத்து இளைஞர்களுக்குப் பந்தாட்டமே பிழைப்பாகலாம் என்ற நம்பிக்கையை அது விதைத்தது. 2011இல் அணியைக் கலைத்தார்கள். அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை.

பஞ்சாப் எஃப்சி வேறு வகை. மினர்வா பஞ்சாப் என்ற பெயரில் தேசிய லீக்குக்குப் பின் வந்த ஐ-லீக்கின் 2017–18 பட்டத்தை வென்றது. 2022–23இல் மீண்டும் வென்று, நாட்டின் முதல்நிலைத் தொடரான ஐஎஸ்எல்லுக்குத் தகுதியால் உயர்ந்த முதல் கிளப் ஆனது. எதிர்காலம் இதனிடம் இருக்கிறது. வேர் என்று கேட்டால், என் கை பக்வாராவைத்தான் காட்டும்.